பெரியம்மா மாற்றிய குளிகை

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், அருமனைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஜெபவீட்டில், என் அம்மா பரிசுத்த ஆவியால் நிறைந்துவிட்டாள் என்று அங்கிருந்த பெண்கள் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அவளுடைய அக்காவுக்கும் இருந்தது. அப்பா துபாயில் வேலையில் இருந்தார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா இறந்த பிறகு எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். வீடுதான் இரண்டு, அடுக்களை ஒன்று. சகோதரிகளின் அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போயிருந்தது. அதனால் அந்த வியாதி எங்கள் வீட்டில் பேச்சுக்கு வரும்போதெல்லாம் இருவரும் தங்களை அறியாமல் பாதங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு குழித்துறையில் ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கான புது மருந்து ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சகோதரிகள் இருவரும் அதில் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைக் குப்பி கிடைத்தது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையோடு இந்தக் குப்பியிலிருந்தும் தினமும் ஒன்று போட வேண்டும். சிலருடைய குப்பியில் மருந்து இருக்கும். சிலருடையதில் பார்வைக்கு அதே மாதிரி செய்த, மருந்தே இல்லாத குளிகை இருக்கும். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். இதையெல்லாம் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குளிகையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது என்றும் சொன்னார். இருவரும் தலையை ஆட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே விவாதம் தொடங்கிவிட்டது.

"டாக்டருக்கே தெரியாதாம்ட்டி. பின்ன என்னத்துக்கு அவ்வளவு படிச்சாவ?" என்றாள் பெரியம்மா.

"மெதுவாப் பேசுக்கா. கண்டக்டர் பாக்கான்."

"பாக்கட்டு. அவனுக்கும் சுகரு இருக்கும்."

முதல் பரிசோதனையில் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அம்மாவுக்கு இறங்கவில்லை, சற்று ஏறியிருந்தது. டாக்டர்கள் தங்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்த ரகசியத்தை எங்கள் அடுக்களை அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டது. பெரியம்மாவின் குப்பியில் மருந்து இருக்கிறது, அம்மாவின் குப்பியில் ஒன்றும் இல்லை. அறிவியல் முறைப்படி அவசரமான முடிவு. தவறான முடிவு என்று சொல்ல முடியாது.

அம்மா அன்றைக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "பிள்ளைக்கு ஒம்பது வயசுதானே ஆச்சு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வயது ஒன்பது ஆவதில் என்ன வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து பெரியம்மா தன் குப்பியோடு வந்தாள். அம்மாவின் குப்பியையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் கொட்டினாள். இரண்டு தட்டிலும் ஒரே நிறம், ஒரே அளவு. மீன் பங்கு வைப்பதுபோல விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"எனக்கு கொறஞ்சாச்சு. இனி போடாண்டாம்னு டாக்டரு சொல்லியாச்சு. எனக்கதை நீ போடு."

"அப்ப குப்பியை அவியகிட்ட திருப்பிக் குடுக்காண்டாமா?"

"அதுக்குத்தானே ஒனக்கதை இதில போடுகேன். அடுத்த தடவை எண்ணிப் பாப்பாவ. கணக்கு சரியா இருக்கணும்லா, மண்டச்சி."

குப்பிகளில் அவரவர் எண் ஒட்டியிருந்தது. எண்கள் அப்படியே இருக்க, உள்ளே இருந்தவை மட்டும் இடம் மாறின. கறி மிஞ்சினால் கிண்ணம் மாற்றிக்கொள்ளும் வீடுகளில் இது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குளிகையை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை.

அதன்பின் அம்மா தெளிந்தாள். படியேறினால் வந்த மூச்சிரைப்பு நின்றது. பெரியம்மாதான் மெலிந்தாள். செம்பு செம்பாக வெள்ளம் குடித்தாள். கேட்டால், "வேனல்லா மக்கா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அம்மா மாதம்தோறும் உபவாசம் இருப்பவள். ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகும் இருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்குக் காரணம் விசுவாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையான மருந்தைப் போட்டுக்கொண்டு அவள் பட்டினி இருந்தது அன்றுதான் முதல்முறை.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அம்மாவின் கைகள் நடுங்கின. ஜெபத்தில் ஒருபோதும் குரல் உயர்த்தாதவள், திடீரென்று யாருக்கும் விளங்காத ஏதோ சொன்னாள். நாக்கு குழறியது. முகமெல்லாம் வேர்த்து, ரவிக்கை முதுகோடு ஒட்டியது. பிறகு பாயில் சரிந்தாள். "ஸ்தோத்திரம்!" என்று ஒருத்தி கத்தினாள். ஆவி நிறைந்தால் பேசும் அந்நியபாஷை வந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. கைத்தட்டல் வலுத்தது. பாஸ்டரம்மா கண்ணீரோடு அம்மாவின் தலையில் கை வைத்து இன்னும் உரக்க ஜெபித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளையிடம், "எனக்க அம்மையாக்கும்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து பெரியம்மா ஆட்களை மிதித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் கழுத்தைத் தொட்டாள். கையில் ஒட்டிய குளிர்ந்த வேர்வையை உதறினாள்.

"பாட்டை நிப்பாட்டுங்க! இது ஆவியில்ல, சுகரு எறங்கினதாக்கும்!"

"சகோதரி, அப்படிச் சொல்லாண்டாம், பாவம்" என்றார் பாஸ்டரம்மா.

"பாவத்தை நான் சொமந்துக்கிடுகேன். கருப்பட்டி எங்க இருக்கு?"

ஜெபம் முடிந்ததும் காப்பி போடுவதற்காகப் பின்னறையில் கருப்பட்டி வைத்திருந்தார்கள். பெரியம்மா அதைத் தரையில் அடித்து உடைத்து, கொஞ்சம் வெள்ளத்தில் குழைத்து, அம்மாவைச் சரித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் உட்புறம் விரலால் தேய்த்தாள். அம்மாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை. கைத்தட்டல் நின்றுபோன அந்த அறையில், பெரியம்மாவின் விரல் அம்மாவின் பல்லில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆட்டோவில் குழித்துறைக்குப் போகும்வரை பெரியம்மா அம்மாவின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தாள். கோபமாகவும் கெஞ்சலாகவும் மாறி மாறி அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா, தூங்கி எழுந்தவள்போல, "பாட்டு முடிஞ்சா?" என்று கேட்டாள். நர்சுகள் சிரித்தார்கள். பெரியம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆராய்ச்சி டாக்டரம்மா வந்தார். பெரியம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இதுபோன்ற ஆபத்தில் மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க அனுமதி உண்டாம். டாக்டரம்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்த குப்பியில் மருந்து இல்லை. பெரியம்மாவுடையதில் இருந்தது.

"நாங்க அன்னைக்கே சொன்னோம்லா" என்றாள் பெரியம்மா. அம்மாவும் படுத்தபடியே தலையை ஆட்டினாள். ஒரு நொடி இருவர் முகத்திலும் பரீட்சையில் தேறிய களை.

டாக்டரம்மா திட்டவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படின்னா இவ்வளவு நாளா நீங்க எதைப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"அவளுக்கதைத்தான் டாக்டரே. வெறும் குளிகைதானே, அது என்ன செய்யும்?"

"நான் உங்களை நிறுத்தச் சொல்லவே இல்லையேம்மா."

பெரியம்மா கட்டில் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவளுடைய விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அளவைப் பார்த்த நர்சு, கருவி பழுதென்று நினைத்து வேறொன்று கொண்டுவந்து மறுபடியும் குத்தினாள். அதே எண்தான் வந்தது. டாக்டரம்மா அதை வாய்விட்டுச் சொன்னார், ஐந்நூறுக்கு மேல். பெரியம்மாவை உடனே பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள்.

"எனக்கொண்ணும் இல்ல. பிள்ளைக்குச் சோறு குடுக்கணும், நான் போறேன்" என்றாள் பெரியம்மா.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். குளுக்கோஸ் குழாய் இழுபட, எட்டி, அக்காவின் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "ஆருட்டி ஒன்னிடம் கேட்டா? ஆரு கேட்டா?" என்று கத்தினாள். அக்காவை அவள் 'ட்டி' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மா தடுக்கவில்லை, ஊசி பிடுங்கிவிடாதபடி அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவைச் சாகக் கிடத்தியதற்காகத்தான் பெரியம்மாவுக்கு அடி விழுகிறது என்று நினைத்தேன். அந்த அடி போதாது என்றுகூட எனக்குத் தோன்றியது.