வெள்ளைப் படியில் ஒரு எலுமிச்சை மூடி

புது வீட்டுக்குக் கல் எடுக்கப் போன அன்றைக்கே எனக்கும் என் மனைவிக்கும் சண்டை. கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் அடுப்பு மேடை கறுப்புக் கடப்பா கல், அலமாரித் தட்டு கடப்பா கல், சாமி மாடமும் அதே கல். சொந்த வீட்டில் பூஜை ரூம் படியாவது வெள்ளை மார்பிளில் வேண்டும் என்றாள்.

"கிரானைட்டே போட்டுடலாம். மார்பிள் கறை புடிக்கும்" என்றேன்.

"இத்தினி வருஷமா இருட்டுக் கல்லுலயே வெளக்கேத்திக்கினு கெடந்தேன். எனக்கு வெள்ளதான் வேணுங்க."

சின்னசேலம் ரோட்டுக் கல் கடைக்காரர் வெள்ளை மார்பிளின் மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கல்லுக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.

கடைக்காலுக்குக் கருங்கல், வாசற்படிக்கு கிரானைட், பூஜை ரூமுக்கு அவள் மார்பிள் என்று வீடு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வெள்ளைப் படியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண் பட்டுவிடுமே என்று அவளுக்குப் பயம். ஜூஸ் போட்டது போக மிஞ்சிய ஒரே எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி, ஒரு மூடியை வாசற்படியிலும் இன்னொன்றைப் பூஜை ரூம் படியின் வலது ஓரத்திலும் லேசாகப் பிழிந்து வைத்தாள்.

மறுநாள் எடுத்தபோது கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்பிளைப் புளிப்பு அரித்து, மங்கலாக ஒரு வட்டம், நடுவே சிவப்பு. சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"கண்ணு படக்கூடாதுன்னு வெச்சி நானே கெடுத்துட்டனே" என்று படியருகே உட்கார்ந்து அழுதாள். கடைக்காரருக்கு போன் செய்தேன். மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகும் என்றார். அன்று சாயங்காலம் அவள் விளக்கைச் சமையல் மேடைக்குக் கொண்டுபோய் ஏற்றினாள்.

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அது. அவளை அப்படிப் பார்க்கத் தாங்கவில்லை, விழுங்கிவிட்டேன்.

தெருமுனைக் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து நறுக்கினேன். குங்குமம் தடவி, படியின் இடது ஓரத்தில் அளவு பார்த்து அழுத்தினேன். அவள் ஓடி வந்தாள்.

"ஐயையோ, இன்னா பண்றீங்க? கல்லு பாழாப் போவுதே!"

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா கறை. ரெண்டு பக்கமும் இருந்தா டிசைன்."

முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "இந்தாண்ட தள்ளி வைங்க, கோணலா இருக்குது" என்று அவளே மூடியை நகர்த்தினாள்.

மறுநாள் விளக்கு பூஜை ரூமுக்கே வந்துவிட்டது. படியைப் பார்த்து யார் கேட்டாலும், "எங்க வூட்டுக்காரரு போட்ட டிசைன்" என்கிறாள்.