பதினொரு மீற்றர் தள்ளி ஒரு மாவட்டம்

"…அப்போ, அடுப்பு எங்க எரியுதோ அங்கதான் குடும்பம் இருக்குதெண்டு எழுதுவீங்க. அப்படித்தானுங்களே ஐயா?"

காளியம்மா அக்கா இதைக் கேட்டபோது நேரம் பதினொன்றே முக்கால். கேள்வி ஒரு கிராம அலுவலரிடம். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கிராம அலுவலர், ஒரு நில அளவையாளர், பிறகு நான். வவுனியா மாவட்டமும் முல்லைத்தீவு மாவட்டமும் ஒன்றையொன்று தொடுகிற ஒரு வளவுக்குள் எல்லோரும் நின்றோம். அக்கா அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன், நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சியில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும் பாதையில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. பள்ளிக்கூடம் எனக்கு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் இந்த இயந்திரத்தின் மூடிக்குக் கீழே படித்ததுதான். கொப்பி எடுக்கக் கொண்டுவரும் எதையும் வாசித்துவிடுவேன். காணி உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள், காதல் கடிதம்கூட ஒருமுறை வந்தது.

பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை காளியம்மா அக்கா வந்தார். மூத்த மகளைப் பார்க்கக் கிளிநொச்சிக்கு வந்தவர், ஐந்து பத்திரங்களைக் கொப்பி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பின்னேரம் கடை பூட்டும்போது மூடியைத் திறந்தால், கண்ணாடியில் அவருடைய அப்பா பெயரிலான காணி அனுமதிப் பத்திரம் கிடக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிட வெட்கமான பிழை இல்லை. பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், 'எனக்குப் பின் என் மகள் காளியம்மாவுக்கு' என்ற பொருளில் ஒரு கையெழுத்துப் பதிவு, கீழே ஊதா நிற முத்திரை. அந்தப் பக்கத்தை நான் கொப்பியே எடுக்கவில்லை.

அவருடைய கைபேசி எண் வேறொரு படிவத்தில் இருந்தது. அழைத்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மாவட்ட எல்லையை அளக்க வாறாங்க தங்கச்சி," என்றார். "அந்தக் கடுதாசி இல்லாட்டி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடும் என்னோடதெண்டு நான் எதைக் காட்டிச் சொல்லுறது?"

நான் கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். ஊரின் உண்மைப் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் பிறகு கேட்டுக்கொண்டார். ஆகவே பனிச்சைமுறிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

செவ்வாய் காலை 6.10. கிளிநொச்சி பஸ் நிலையம். வவுனியா பஸ்ஸில் மாங்குளம் வரை நூற்று நாற்பது ரூபா; ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அதை ஒரு அப்பியாசக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியை மடியில் வைத்திருந்தேன்.

"அக்கா, குழந்தைப் பிள்ளையோ கொண்டு போறியள்?" என்றார் நடத்துனர்.

"அதைவிடக் கவனமான சாமான்."

"அப்ப அதுக்கும் ரிக்கற் எடுங்கோ."

கொப்பிக்குள் இன்னொரு தாளும் கிடந்தது. போன மாதம் ஓர் ஆசிரியர் கொண்டுவந்த கட்டுரையில் மை பரவிப் பழுதான பக்கம். வாசிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். சீனாவில் மிகப் பழைய ஊர் ஒன்றை எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த அலுவலகம் நிர்வகித்தது என்பதுதான் அதில் விஷயம். ஓர் அரச பரம்பரையில் அந்த ஊரே தலைமையிடம். அடுத்ததில் பக்கத்து ஊருக்குக் கீழே. பிறகு பெயரை மாற்றி வேறு மாகாணத்தில் சேர்த்தார்கள். பிறகு திருப்பி எடுத்தார்கள். ஊரில் யார் இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று ஒரு வரி இல்லை. யாருக்குக் கீழே என்பது மட்டும்தான். முறிகண்டிக் கோயிலடியில் பஸ் நின்று, இறங்கியவர்கள் தேங்காய் அடித்து, கச்சான் கடலை வாங்கி வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

காளியம்மா அக்காவின் ஐந்து பத்திரங்களும் அதே கதையைத்தான் சொல்கின்றன. அப்பாவின் காணிப் பத்திரத்தில் மாவட்டம் வவுனியா. அக்காவின் பிறப்புப் பத்திரத்திலும் வவுனியா. எழுபதுகளின் கடைசியில் முல்லைத்தீவு தனி மாவட்டமாகப் பிரிந்தது; ஆகவே அவருடைய கலியாணப் பதிவில் முல்லைத்தீவு. மூத்த மகள் பிறந்தபோதும் முல்லைத்தீவுதான், ஆனால் கிராமப் பிரிவின் பெயர் வேறு. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு கிடைத்த குடும்ப அட்டையில் மறுபடியும் வவுனியா. ஐந்தும் ஒரே வளவில் நடந்தவை.

7.15. மாங்குளம் சந்தி. முல்லைத்தீவு பஸ் 7.40க்கு வந்தது. ஒட்டுசுட்டான் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, நூறு ரூபா. வயல்கள் அறுத்து வெறுமையாகக் கிடந்தன. வரம்போரம் காவல் பரண்களில் ஒன்றிரண்டை இன்னும் பிரிக்கவில்லை. நெல் வயலில் இருக்கும்போது யானை வயலுக்கு வரும். மூட்டை வீட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வரும். அதனால் பங்குனியிலும் சித்திரையிலும் இங்கே யாருக்கும் நித்திரை சரியில்லை என்று பக்கத்து ஆசனத்து அம்மா சொன்னார்.

8.30. ஒட்டுசுட்டான். ஒரு பிளேன்ரீ, இரண்டு உழுந்து வடை. இதற்குப் பிறகு பஸ் இல்லை. நெடுங்கேணிப் பக்கமாகப் பதினொரு கிலோமீற்றர், அதில் ஏழு கிரவல் பாதை. ஓட்டோக்காரர் றொபேட் ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். பேரம் பேச நேரமில்லை. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், கலியாணம் செய்து உள்ளே வந்துவிட்டார். போகும் காரணத்தைச் சொன்னேன்.

"எங்கட அப்பர் கரைவலைக்காரன்," என்றார். "கடலுக்கு விதானையும் இல்லை, ஏஜீஏயும் இல்லை. ஆனா தன்ர வலை எங்கை இறங்கவேணுமெண்டு எல்லாருக்கும் தெரியும். தரைக்கு வந்தாப் பிறகுதானக்கா எனக்கு எல்லைச் சண்டையே விளங்கினது."

விதானை என்ற பதவி போய்க் கிராம சேவகர் வந்து, அவரும் கிராம அலுவலர் ஆகிவிட்டார். காரியாதிகாரி போய் உதவி அரசாங்க அதிபர், அதாவது ஏஜீஏ, வந்து, அந்தக் கதிரையில் இப்போது பிரதேச செயலாளர் இருக்கிறார். ஆனாலும் வன்னியில் ஆட்கள் விதானை என்றும் ஏஜீஏ என்றும்தான் சொல்வார்கள். பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபம், வாயை மாற்ற ஒரு தலைமுறை வேண்டும் போலிருக்கிறது.

9.35. பனிச்சைமுறிப்பின் கடைசி வளவு. காளியம்மா அக்கா படலையடியில் நின்றார். ஐம்பத்தெட்டு வயது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தவர். மலைநாட்டுப் பேச்சும் வன்னிப் பேச்சும் அவரிடம் ஒரே வசனத்தில் வரும். பத்திரத்தை வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"இனிமே உங்க கடைக்கு வந்தா, நானே மூடியைத் திறந்து பாத்திட்டுத்தான் போவன்."

வளவில் இரண்டு கட்டடங்கள். ஒன்று தகரக் கொட்டில். மீள்குடியேறியபோது அதற்குள்தான் குடும்பமே இருந்தது. எல்லோரையும் எண்ண முதலில் வந்த அலுவலர் வவுனியாப் பக்கத்தவர். அவர் அங்கேயே தன் பதிவில் எழுதிக்கொண்டு போனார். மற்றது நான்கு வருடத்துக்கு முன் கட்டிய கல் வீடு. சீமெந்துத் தரை, வெள்ளை அடித்த சுவர். வீடு வந்தபிறகு கொட்டில் குசினியாகிவிட்டது.

"புதுச் சுவரிலை புகை ஏறக்கூடாதெண்டு அடுப்பைக் கொண்டுபோகேல்லை," என்றார் அக்கா. "வெள்ளை அடிச்சது சின்னவதான். ரெண்டு கிழமை ஏணியிலை நிண்டா."

கணவர் இல்லை. சின்ன மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். விடிய ஐந்தரைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். வீட்டின் பின்மூலையைக் காட்டினார். யன்னலுக்குக் கீழே சுவர் வெடித்து, ஒரு கல் உள்ளே தள்ளியிருந்தது. போன மாதம் நெல் மணத்துக்கு யானை முட்டியது. மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன்பிறகு அக்காவே தகர டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறார்.

இப்போது முல்லைத்தீவுப் பக்கத்துப் பிரிவுக்கு மின்சார யானை வேலி வருகிறது. கம்பி, அந்தப் பிரிவில் பதிந்த கடைசிக் குடும்பத்தின் வளவைச் சுற்றிக்கொண்டு திரும்பும். இன்றைக்குக் கணக்கெடுப்பின் கடைசி நாள். அக்கா அந்தப் பட்டியலில் வந்தால் வேலி இந்த வீட்டுக்குப் பின்னால் போகும். வராவிட்டால் வீட்டுக்கு முன்னால் போகும். அவரும் மகளும் யானையோடு வெளியே.

10.40. இரண்டு மோட்டார் சைக்கிள்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராம அலுவலர் முப்பது வயதுப் பெண்; எல்லோரும் 'மிஸ்' என்றார்கள். வவுனியாப் பக்கத்தவர் ஓய்வுபெற இருக்கும் மனிதர்; அவர் 'ஐயா'. நில அளவையாளர் மிஸ்ஸுக்குப் பின்னால் ஏறி வந்தார், குடையோடு.

அளவையாளர் பற்றைக்குள் பழைய எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்தார். இன்னொரு கல் குளக்கட்டுக்குக் கிட்ட. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் கயிற்றை இழுத்தார்கள். கயிறு வளவு வேலியைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தொட்டு, கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவால் போனது. கொட்டில் வவுனியா மாவட்டம். பதினொரு மீற்றர் தள்ளி இருக்கும் வீடு முல்லைத்தீவு மாவட்டம். மாவட்டம் தெரியாத ஒரு கோழி கயிற்றுக்கு மேலால் போய்ப் போய் வந்தது.

மிஸ் முதலில் கேட்டது பத்திரத்தை. "அம்மா, இந்தப் பக்கத்துக் காணியும் உங்கட எண்டதுக்கு ஏதும் இருக்கோ?"

அக்கா கொடுத்தார். மிஸ் முன்பக்கத்தை வாசித்தார், திருப்பினார், முத்திரையை வெயிலில் பிடித்தார். ஐயாவும் எட்டிப் பார்த்தார்.

"இது எங்கட பழைய மாவட்டத்துச் சீல்," என்றார் அவர். "அப்ப ரெண்டு பக்கமும் ஒண்டுதான் பிள்ளை. கோடே இல்லை. காணி முழுக்க இவவின்ரதான், அதிலை கதையில்லை."

மிஸ் பேனையைத் திறந்தார். ஐயா கையை நீட்டித் தடுத்தார்.

"காணி வேறை, குடும்பம் வேறை. குடும்பம் என்ர பதிவிலை இருக்கு. நான் வெட்டினால்தான் நீங்கள் எழுதலாம். வெட்டுறதுக்கு ஆக்கள் என்ர பிரிவை விட்டுப் போயிருக்கவேணும்."

"இந்த வீட்டிலைதானே ஐயா படுக்கினம்," என்றார் மிஸ்.

"படுக்கிறதைப் பாத்து எழுதுறேல்லை. ஒரே உலையிலை சாப்பிடுற ஆக்கள் ஒரு குடும்பம். நான் முப்பது வருசமா அப்படித்தான் எழுதுறன். உலை எங்கை கொதிக்குது? அந்தா, என்ர பக்கம்."

எல்லோரும் கொட்டிலைப் பார்த்தோம். தகரத்துக்கு இடையால் புகை வந்துகொண்டிருந்தது. மதியச் சோற்றுக்கு உலை வைத்திருந்தார் அக்கா.

ஐயா கெட்ட மனிதர் இல்லை. தன் பக்கத்துக்கும் வேலி கேட்டு எழுதியிருப்பதாகவும், அடுத்த வருடம் வரலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது வெடித்த சுவரைப் பார்க்கவில்லை.

"அடுத்த வருசம் சின்னவ சோதினை எடுத்து முடிச்சிடுவா," என்றார் அக்கா. "யானைக்கிட்ட அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுறதா?"

அளவையாளர் குடையை விரித்தார், பிறகு மடக்கினார். சீனத்து ஊரைப் பற்றிய அந்தத் தாள் என் கொப்பிக்குள் இருந்தது. அங்கேயும் ஒவ்வொரு முறை கோடு மாறியபோதும் யாரோ ஒரு பெண் முற்றத்தில் நின்று பார்த்திருப்பாள், அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். அடுப்பு எங்க எரியுதோ அங்கதான் குடும்பம் இருக்குதெண்டு எழுதுவீங்க, அப்படித்தானுங்களே ஐயா?

"ஓம்," என்றார் ஐயா. "சட்டம் அப்படித்தான் அம்மா."

"நல்லதுங்க."

அக்கா கொட்டிலுக்குள் போனார். இரும்பு உரசும் சத்தம் கேட்டது. நெளிந்த பழைய தாச்சிச் சட்டி ஒன்றில் தணலை அள்ளி, எரிகிற கொள்ளிகள் இரண்டை அதன்மேல் வைத்து, சேலைத் தலைப்பால் சட்டியின் காதுகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்று உத்தியோகத்தரையும் கடந்து, மஞ்சள் கயிற்றுக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து, வீட்டு விறாந்தையில் ஏறினார். கட்டி மிஞ்சிய கற்கள் மூலையில் அடுக்கியிருந்தன. அதில் மூன்றைக் காலால் தள்ளி, வெள்ளைச் சுவரோடு சேர்த்து வைத்து, நடுவில் தணலைக் கொட்டினார். திரும்பி வந்து, அரிசி கொதிக்கும் பானையைத் துணி சுற்றித் தூக்கினார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கயிற்றடியில் கொஞ்சக் கஞ்சி தளும்பி ஊற்றியது, இரண்டு மாவட்டத்திலும்.

ஐயா தன் பதிவில் அக்காவின் பக்கத்தைத் திறந்து, பேனையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

அக்கா பானையைக் கல்லில் இருத்தி, சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முழங்காலில் இருந்து அடுப்பை ஊதினார்.