முன் பெட்டியில் உப்பு

பட்டாளம் ஏலத்தில் விட்ட பிக்கப் லாரியைத் திருவொற்றியூரில் என் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்ற வாங்கியிருந்தேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மற்ற வண்டிகளுக்குப் பின்னால் மட்டும் இருக்கும், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் கொண்ட கிரவுன் பெட்டி இதற்கு முன்னாலும் உண்டு. நடுவில் இரண்டாவது கியர் பெட்டி வேறு. மூன்றுக்கும் ஆயில் மாற்ற வேண்டும்.

டிரைவர் வண்டிக்கடியில் படுத்து முன் பெட்டியின் திருகைக் கழற்றினான். கறுப்பு ஆயிலுக்குப் பதில் தண்ணீர் கலந்து பால் டீ போல ஒழுகியது. நடுப்பெட்டியிலும் அதே டீ. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவன், "உப்பு கரிக்குது மொதலாளி" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எண்ணூர் முகத்துவாரத்துல வண்டிய எறக்குனியால? யாரக் கேட்டு எறக்குன?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவன் வெளியே வரவில்லை. அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "போன ஞாயித்துக்கெயம எனக்கு லீவு மொதலாளி. மொதலாளியம்மாவோட செருப்பு இன்னும் சீட்டாண்ட கீது, மணலோட."

அந்த ஞாயிற்றுக்கிழமை, "கடல்லயே ஓடும், பாரு" என்று மனைவியை ஏற்றிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் வண்டியை விட்டவன் நான்தான்.

அவன் கேட்பதற்கு முன்பே புது ஆயில் டின்னைக் குனிந்து உள்ளே தள்ளினேன்.