நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

விகா மன்சீயாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. கல்யாணக் கேக் செய்வது அவள் தொழில். அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் உசுவாயாவில் செங்குத்தான தெருக்களுக்குப் பஞ்சமில்லை. அதிலும் எங்கள் தெரு மகா மோசம். அதன் உச்சியில் அவள் வீடு, இரண்டு வீடு தள்ளி என் வீடு.

போன இலையுதிர்காலத்தில் அவள் ஒரு பழைய எஸ்.யு.வி. வாங்கினாள். அன்றிலிருந்து வேறு பேச்சே கிடையாது. மாத்தே தேநீர் குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தாள்.

"ஒரு சக்கரம் வழுக்குதுன்னு வை. பலம் உடனே வழுக்காத சக்கரத்துக்குப் போயிடும். நாலும் சேர்ந்து இழுக்கும்."

அது உண்மையும்கூட. ஜூனில் எங்கள் ஊர்க் குளிர்காலம் தொடங்கித் தெரு உறைந்ததும் மற்றவர்களின் கார்கள் பாதி மேட்டில் நின்று உறுமின. விகா மட்டும் படியேறுவது போல ஏறிப் போனாள். உச்சியில் நின்று ஒருமுறை ஹாரன் வேறு அடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்வீட்டு நோல்பெர்த்தோவின் சின்னக் காரை ஒருநாள் கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டாள். அந்த உதவியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

குளிர்காலம் வந்தால் ஊரே ஆணி பதித்த டயருக்கு மாறிவிடும். விகா மாறவில்லை. "ஆணியெல்லாம் உங்க டப்பாவுக்கு. என் வண்டிக்கு எதுக்கு?" என்றாள்.

ஜூலையில் அவளுடைய ஞானமகள் தலீலாவுக்குக் கல்யாணம். தலீலா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் அம்மா இறந்துவிட்டாள். உன் கல்யாணக் கேக் என் கையால்தான் என்று விகா அப்போதே வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு அடுக்குக் கேக். உள்ளே சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பு, மேலே வெள்ளை கிரீம், கல்யாணமாகாத பெண்கள் இழுப்பதற்குச் சுற்றிலும் ரிப்பன்கள். ஏதோ ஒரு ரிப்பனின் நுனியில் மோதிரம் இருக்கும், அது கிடைத்தவளுக்குத்தான் அடுத்த கல்யாணம் என்பார்கள். அத்தனை அழகான கேக்கை அவள் அதுவரை செய்ததில்லை.

மண்டபம் கீழே, துறைமுகத்துக்குப் பக்கத்தில். அன்று காலை பனிக்கட்டியின் மேல் மழை பெய்து தெரு கண்ணாடியாகிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நானும் நோல்பெர்த்தோவும் சொல்லிப் பார்த்தோம். அவள் கேட்கிற ரகமா? கேக்கை அதன் பலகையோடு தன் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் இறங்கியது. பிறகு பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, தட்டு சறுக்குவது போலச் சறுக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் வண்டியின் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கையே இல்லை. இரண்டு கைகளாலும் கேக்கைக் கட்டிப் பிடித்திருந்தாள். தெருமுனையில் குவித்திருந்த பனியில் வண்டி பொத்தென்று மோதி நின்றது.

பூட்ஸின் மேல் பழைய கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு ஓடினோம். ஈரப் பனிக்கட்டியில் எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். விகாவுக்கு ஒரு கீறலும் இல்லை, தலைமுடி முழுக்க கிரீம். நன்றாகத் திட்டவேண்டும் என்றுதான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"பாழாயிடுச்சான்னு பாரு எர்மிந்தா. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

கேக் பிழைத்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் அவள் கன்னமும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன.

"போறதுக்குத்தான் உன் வண்டி ஒசத்தி. நிக்கிறதுக்கு உனக்கும் நாலு சக்கரம், என் டப்பாவுக்கும் நாலு சக்கரம்தான். என்னுதுல ஆணியாவது இருக்கு," என்றார் நோல்பெர்த்தோ.

"பேசாம பலகையைப் பிடிங்க. கோணுது பாருங்க," என்றாள் விகா.

நாங்கள் இருவரும் பலகையைத் தூக்கினோம். விகா எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, துறைமுகம் வரை எங்களை அதட்டிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் கன்னம் பதிந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக் காவலுக்கு நின்றாள். மணக்கோலத்தில் வந்த தலீலா அவள் தலைமுடியைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். இதற்காகவே காத்திருந்த நோல்பெர்த்தோ ஒன்று விடாமல் சொன்னார். கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலீலா மேஜையைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். பிறகு பலகையை மெல்ல முன்பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பக்கம்தான் போட்டோவுல வரணும், அத்தை."

"வேணாம் கண்ணு, அசிங்கமா இருக்கு."

"வண்டியை விட்டுட்டு என் கேக்கைப் பிடிச்சீங்களே. அம்மா இருந்திருந்தா அவளும் இதைத்தான் செஞ்சிருப்பா."

விகா காவலை விட்டு விலகி நின்றாள்.

ரிப்பன்களை இழுத்தார்கள், ஆடினார்கள், சாப்பிட்டார்கள். தலீலா தன் கையாலேயே கேக்கை வெட்டிக் கொடுத்தாள். எல்லாம் தீர்ந்த பிறகும் கன்னம் பதிந்த அந்தத் துண்டு மட்டும் பலகையில் இருந்தது. யார் கேட்டும் தலீலா தரவில்லை. ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.