ஒரே களத்தில் காய்ந்த மல்லாட்டை

செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில், ஒரு திருவிழாத் தகராறுக்குப் பிறகு ஊர்த்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுக் களத்துக்கு ஊர்த்தெரு பூட்டுப் போட்டுவிட்டது. காலனியில் விளைந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தார்ச்சாலை ஓரத்தில்தான் காய்ந்தது.

மீனம்பாள் காலனியில் பிறந்தவள். சென்னையில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்க ஊருக்கே வந்தாள். ஒரு கண்டெய்னர் மல்லாட்டைப் பருப்புக்கு வெளிநாட்டு ஆர்டரும் பிடித்துவிட்டாள். ஆனால் காலனி விளைச்சல் பாதிக்குக்கூடக் காணாது. நேரே ஊர்த்தெருவுக்குப் போய், பெரிய விவசாயி துரைக்கண்ணுவின் வாசலில் நின்றாள்.

“இன்னாமா, உங்க சரக்கும் எங்க சரக்கும் ஒண்ணாவா போவும்?”

“வாங்குறவனுக்குத் தெரு தெரியாதுங்கய்யா. பூஞ்சை இருக்குதான்னுதான் பாப்பான். ஒரு மூட்டையில இருந்தாலும் மொத்தமும் திரும்பிடும். எல்லாம் ஒரே களத்துல நல்லா காயணும்.”

உள்ளூர் வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டது துரைக்கண்ணுவை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அவரே போய்க் களத்தைத் திறந்துவிட்டார்.

எல்லாம் காய்ந்து, உடைத்து, மூட்டை கட்டி முடித்த வேளையில் இடி விழுந்தது. வாங்கவிருந்த நாடு இறக்குமதியையே நிறுத்திவிட்டது. துரைக்கண்ணுவின் மகன் ஆனந்தராஜ் ஆட்களோடு மூட்டைகள் இருந்த கிடங்குக்கு வந்தான்.

“உன் பேச்சக் கேட்டுத்தான் நைனா களத்தத் தொறந்தாரு. இப்ப இன்னா சொல்ற?”

காலனிப் பையன்களும் திரண்டுவிட்டார்கள். மீனம்பாள் நடுவில் போய் நின்றாள்.

“எவனோ அவன் நாட்டுக் கதவ சாத்துனா, நாம இங்க மண்டைய ஒடச்சிக்கணுமா? சரக்கு சுத்தமா இருக்குது. வேற ஆளப் புடிக்கிறேன். அதுவரைக்கும் ஒரு மூட்டையும் இங்கேருந்து பிரிஞ்சி போவக் கூடாது.”

துரைக்கண்ணு முன்னால் வந்து மகனின் தோளைப் பிடித்தார். “அவ சொல்றது நாயம்டா. இரு.”

மீனம்பாள் தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டாள். வியட்நாமில் ஒரு வியாபாரி மாதிரிச் சரக்கு கேட்டார். சோதனையில் பூஞ்சையின் சுவடே இல்லை. ஆர்டர் உறுதியானது!

திருவிழாத் தகராறில் போட்ட வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. ஆனால் கண்டெய்னர் வந்த அன்று இரண்டு தெரு ஆட்களும் கைமாற்றி மூட்டை ஏற்றினார்கள். கடைசி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி ஆனந்தராஜ் கேட்டான்:

“அடுத்த போகம் எந்த நாட்டுக்குக்கா?”

அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீனம்பாளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“இந்த தபா ரெண்டு நாட்டுல பேசிக்கினு இருக்கேன். நீ வெதைக்கிற வேலையப் பாரு!”