குளச்சல் வீட்டு வெண்கலத் தாலம்

எங்கள் வீட்டில் தாம்பாளம் போலப் பெரிய வெண்கலத் தாலம் ஒன்று இருந்தது. விளிம்பைச் சுற்றிப் பழைய காசுகளைப் போல அச்சு, நடுவில் பெரிதாக ஒரு காசு. அம்மாவின் பெட்டியடியிலிருந்து நான்தான் அதைத் தோண்டி எடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, பாட்டனார் காலத்துச் சொத்து என்று அளப்பேன். அந்தப் பேச்சு வந்தாலே அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள்.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"இது குளச்சல்ல கப்பல் யாவாரம் செய்த முஸ்லிம் வீட்டுச் சாமானாக்கும். ஒங்களுக்கு எப்பிடி வந்துது?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டையே போட்டேன். கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு ஆறு வயதில் நாங்கள் குளச்சலில் வாடகைக்கு இருந்தோம். வளைகுடாவுக்குப் போன அப்பாவிடமிருந்து மாதக்கணக்கில் கடிதம் இல்லை. ஒரு பெருநாளன்று அடுத்த வீட்டு அக்கா அந்தத் தாலம் நிறைய நெய்ச்சோறு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"வெறும் பாத்திரத்த எப்பிடி மக்கா திருப்பிக் குடுக்க? ஒரு பிடி அரிசி போட்டுக் குடுக்கவும் வீட்டுல இல்ல. நாளைக்கு நாளைக்குன்னு கெடந்து போச்சு. பொறவு அந்த அக்காக்க பிள்ளைகளு நம்ம வீட்டுப் பக்கமே வரல்ல. என்னயக் கள்ளின்னு நெனச்சிட்டாவ."

தினமும் என்னோடு விளையாடிய பிள்ளைகள் திடீரென்று வராமல் போனது எனக்கும் நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் நாங்கள் பேச்சிப்பாறைப் பக்கம் வந்துவிட்டோம். இது எதுவும் தெரியாமல் அம்மா முன்னாலேயே அந்தத் தாலத்தைக் காட்டி இத்தனை காலம் பீற்றியிருக்கிறேன். நல்ல மகன்!

மறுநாளே குளச்சலுக்குக் கிளம்பினேன். அம்மா தாலம் நிறைய மட்டி வாழைப்பழம் வைத்துத் துணியால் கட்டிக் கொடுத்தாள். கூட வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அந்த அக்கா இறந்து பல வருடமாகியிருந்தது. கதவைத் திறந்தது அவருடைய மூத்த மகள். நான் யாரென்று சொல்லித் துணியை விலக்கியதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உம்மாக்க தாலம்லா!"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? உம்மாதான் எங்கள ஒங்க வீட்டுக்கு விடல்ல. 'நீங்க போனா தாலத்தக் கேக்க வந்திருக்கீங்கன்னு அவ நெனச்சிருவா. அவளே கஷ்டத்துல கெடக்கா. அவளாத் தாறது வரைக்கும் அந்தப் பக்கம் போவப்பிடாது'ன்னு சொல்லிச்சு. விளையாடப் போவ முடியல்லன்னு நாங்க அழுத அழுகை!"

அம்மா கூச்சப்படக் கூடாது என்பதற்காக ஒருத்தி தன் பிள்ளைகளையே அழவிட்டிருக்கிறாள். அந்த அக்கா உயிரோடு இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு மகள் கையில் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அதுக்கா பிள்ளைகளு வரல்ல? நாப்பது வருசமா நான் அந்த அக்காவுக்குல்லா பயந்து கெடந்தேன்."