ஆண் பொம்மை எத்தனை கிராம்?

தபால் ஆபீஸ் பார்சல் கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் தராசக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவள் தராசக்காதான். பார்சலைக் கையில் வாங்கும்போதே "நானூத்தி இருபது" என்பாள். மெஷினில் வைத்தால் நானூற்றுப் பதினெட்டு காட்டும். அந்த இரண்டு கிராமுக்கு மெஷினைத்தான் முறைப்பாள். ஒருநாள் மின்சாரம் போய் மெஷின் அணைந்துவிட்டது. வரிசையில் நாற்பது பேர். மேலதிகாரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். இவள் ஒவ்வொரு பார்சலையும் கையில் வாங்கி எடையைக் குறித்துக்கொண்டே போனாள். மின்சாரம் வந்ததும் சரிபார்த்ததில் ஒன்றுதான் தப்பு. அதற்குள் இருந்த எண்ணெய் பாட்டில் ஒழுகியிருந்ததால் அதையும் அவள் கணக்கில் சேர்க்க முடியாது.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு வருஷமாகத் தண்ணி காட்டியது ஒரு பிளாஸ்டிக் உருண்டை.

உருண்டைக்குள் ஒரு பொம்மை. எந்தப் பொம்மை என்று பிரித்தால்தான் தெரியும். ஆறு சுற்றுக் காகிதத்தை உரிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செருப்பு, ஒரு கைப்பை, ஒரு ஸ்டிக்கர் என்று ஆசை காட்டிவிட்டுக் கடைசியில்தான் பொம்மை முகம் கொடுக்கும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் நம்பர் போட்டு இருபத்து நாலு கட்டங்கள். இருபத்து மூன்றில் பெண்கள், விதவிதமாகச் சிரிப்பார்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் படம் கிடையாது. ஒரு கறுப்பு நிழல், ஒரு கேள்விக்குறி, 'அபூர்வ ஆண் பொம்மை' என்று மூன்று வார்த்தை.

கூட வேலை பார்க்கிறவளின் மகளுக்குப் பரிசு கொடுக்க இரண்டு உருண்டை வாங்கினாள் தராசக்கா. ஆர்வக்கோளாறில் ஒன்றைத் தானே பிரித்துத் தொலைத்தாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்த்துவிட்டு வருவதாலோ என்னவோ, வெளிச்சத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. உருண்டை பிரிக்கிறதற்கு 'பிரசவம்' என்று பேர் வைத்தவர் அவர்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னம்மா, இன்னிக்குப் பிரசவம் உண்டா?" என்பார். ஆறாவது காகிதம் கிழிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பி, "மாமா! பொண்ணு! தாயும் சேயும் நலம்!" என்று அறிவிப்பார்.

உள்ளறையிலிருந்து மாமா வருவார். தராசக்காவின் அப்பா, எண்பத்து நாலு வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போனபிறகு கடைசி மகளோடுதான் இருக்கிறார். பொம்மையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலும் கீழும் பார்ப்பார். பிறகு டிவிக்கு மேலிருக்கும் அலமாரியில் கொண்டுபோய் வைப்பார். அடுக்குவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வரிசைக்கு இரண்டாக, நடுவில் நடைபாதை விட்டு வைப்பார். முன்னால் நாலாவது வரிசையில் ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

முதல் ஐந்தாறு உருண்டை வரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பெருமூச்சு ஆரம்பித்தது. பொம்மையைப் பார்ப்பார், "ஹூம்ம்ம்" என்று நெஞ்சிலிருந்து ஒரு காற்று வரும், பேசாமல் போய்விடுவார்.

தராசக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்தப் பெருமூச்சு அவள் வீட்டில் பேர்போனது. அவள் ஐந்தாவது பெண். முதல் நாலு தடவையும் அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று பையன், பையன் என்று காத்திருந்தவர். ஐந்தாவது தடவை நர்ஸ் வந்து சொன்னதும் அவர் விட்ட மூச்சை, அப்போது பதினோரு வயதான பெரியக்கா நேரில் பார்த்திருக்கிறாள். "அந்த மூச்சுல சுவத்துக் காலண்டர் ஆடிச்சுடி" என்று இன்றைக்கும் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லுவாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தராசக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவாள்.

அதனால்தான் வைராக்கியம் வந்தது. ஒரே ஒரு தடவை, இந்த வீட்டில், அப்பாவின் கையில் ஒன்றைக் கொடுத்து, "ஆம்பளப் பிள்ளை" என்று சொல்லிவிட வேண்டும். அந்த மூச்சு நிற்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். அலமாரியில் காலியாகக் கிடக்கும் இடம் யாருக்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தொழில் தெரிந்தவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாளா? ஆண் பொம்மைக்குக் கூந்தல் கிடையாது, கவுன் கிடையாது, கைப்பை கிடையாது. ஆகவே லேசாகத்தான் இருக்கும். தீர்ந்தது விஷயம். பொம்மைக் கடையில் உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, உள்ளதிலேயே லேசானதைப் பொறுக்கினாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு பெண், ஒற்றைச் செருப்போடு. மற்ற செருப்பைத் தொழிற்சாலையில் போட மறந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதைவிட லேசாக ஒன்று. பிரித்தால், குளிக்கப் போகிற பெண். ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தாள்.

"பாவம், குளிரும். சீக்கிரம் மூடு" என்றார் வீட்டுக்காரர்.

அப்பா பெருமூச்சு விட்டார்.

கடைக்காரரும் சும்மா இல்லை. உருண்டை வைத்திருந்த தட்டுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. 'குலுக்கக் கூடாது. காதில் வைத்துக் கேட்கக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது.' சும்மா கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று எழுத மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இப்படி முப்பத்தோரு பிரசவம் ஆயிற்று. முப்பத்தொன்றும் பெண். அலமாரி நிறைந்து, இரட்டையாக வந்தவையெல்லாம் பின்னால் நின்றுகொண்டு வந்தன. அந்த ஒரு இடம் மட்டும் அப்படியே காலியாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கவுண்டரில் ஒரு கணக்கு வாத்தியார் சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினார். படிவத்தில் உள்ளே இருப்பதைக் குறிக்க வேண்டும். குறித்திருந்தார்: 'பொம்மை, ஆண், ஒன்று. உருண்டையோடும் உபகரணங்களோடும்.'

தராசக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெட்டியைக் கையில் வாங்கினாள். நூற்று அறுபத்து மூன்று. அட்டைப்பெட்டி ஐம்பது, டேப் மூன்று. கழித்தாள். நூற்றுப் பத்து! இதுவரை வந்த பெண்களில் பெருத்தவளே தொண்ணூற்றெட்டைத் தாண்டியதில்லை.

"சார், பையன் சும்மா நிக்கிறானா, இல்ல கையில ஏதாவது வெச்சிருக்கானா?"

வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். "ஏம்மா, இதெல்லாமா கேப்பீங்க?"

"பாதுகாப்புக்குத்தான் சார்."

"டிரம் வெச்சிருக்கான். ரெண்டு குச்சியும் உண்டு. எங்கிட்ட ரெண்டு பையன் வந்துட்டான், அதான் ஒருத்தனை நண்பருக்கு அனுப்பறேன்."

ரெண்டு! வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். டிரம்மை யோசிக்காமல் போனோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒரு வருஷமாக இந்த உலகத்தின் லேசான பெண்களையெல்லாம் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறாள்! பெட்டியைத் திருப்பித் திருப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்ததில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வாத்தியார் வெளியே போய் ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனாள். முதல் தட்டு: தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவது தட்டில், பின்வரிசையில், மூலையில் கிடந்ததை எடுத்ததும் கை ஒரு நூல் கீழே இறங்கியது. இரண்டாவது தடவை எடுத்துப் பார்க்கவேயில்லை. அவள் கைக்குத் தெரியும்.

வீட்டில் டேபிளைச் சுற்றி மூன்று பேர். வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது சுற்றில் இரண்டு குச்சிகள் விழுந்தன. தராசக்கா கத்திவிட்டாள். ஐந்தாவதில் டிரம். ஆறாவதைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

குட்டை முடி, பச்சைச் சட்டை, ஒரு பக்கமாகச் சிரிப்பு.

"மாமா! பையன்! பையன் பொறந்துட்டான்!" வீட்டுக்காரர் குதித்ததில் நாற்காலி சாய்ந்தது.

தராசக்கா இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு போய் அப்பாவின் கையில் வைத்தாள். "ஆம்பளப் பிள்ளைப்பா" என்றாள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மேலும் கீழும் பார்த்தார். டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஹூம்ம்ம்" என்றார்.

தராசக்காவுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "இதுக்கும் பெருமூச்சாப்பா? பையன்தானே கேட்டீங்க? ஒரு வருஷமா அலைஞ்சு கொண்டுவந்து கையில குடுத்தா, இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எட்டாம் நம்பர்" என்றார் அப்பா.

"என்னது?"

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வந்தார். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் அடித்திருந்தார், டிக்கெட் கிழிக்கிற ஒழுங்கோடு. பெண்களில் எட்டு மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. குடையோடு நிற்கும் ஒரு பெண்.

"இவ ஒருத்திதான் இன்னும் ஏறல. சீட் விட்டு வெச்சிருக்கேன், வந்தபாடில்ல. நீ என்னடான்னா ஏறினவங்களையே திரும்பத் திரும்ப ஏத்தற. நிக்கறவங்க ஒம்பது பேர் ஆயாச்சு."

தராசக்கா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். நாலாவது வரிசை, இரண்டாவது இடம். அவள் எடை பார்க்கிறவளே ஒழிய எண்ணிப் பார்க்கிறவள் இல்லை. ஒரு வருஷமாக எண்ணவே இல்லை.

"வாயத் திறந்து சொல்லக் கூடாதா மாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"இந்த வயசுல பொம்மை கேட்டா நீங்க சிரிக்க மாட்டீங்களா, மாப்பிள்ளை?"

தராசக்கா சிரிக்கவில்லை. ஐம்பது வருஷமாக உள்ளே கிடந்தது வாய்வரைக்கும் வந்துவிட்டது. "அப்போ ஆஸ்பத்திரியில விட்டது? நான் பொறந்தப்போ?"

அப்பா பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் நாலுக்கும் ஏமாந்தேன். பொய் சொல்ல மாட்டேன். நீ வந்தப்போ நர்ஸ்கிட்ட பையனா பொண்ணான்னு நான் கேக்கவே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்ட. 'எத்தனை கிலோ'ன்னுதான் கேட்டேன். ஒண்ணரைன்னு சொன்னா. கையில வாங்கினேன். தோள்ல மாட்டற சில்லறைப் பை உன்னைவிட கனமா இருக்கும்மா. இது பொழைக்குமான்னு மூச்சு விட்டேன். பெரியவ சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?"

தராசக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பார்சலுக்கு எடை சொன்னவளுக்குத் தான் பிறந்தபோது எத்தனை கிலோ என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. வலது கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றரைக் கிலோ எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கு இப்போ அழற?" அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ அந்தக் கவலையே இல்லையே எனக்கு."

வீட்டுக்காரர் வெடித்துச் சிரித்தார். அழுதுகொண்டே தராசக்காவும் சிரித்தாள். அப்பா எழுந்துபோய் பையனை அலமாரியின் முன்பக்கம், படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். "வண்டிக்கு ஒரு கண்டக்டர் போதும்" என்றார். பிறகு துண்டுச் சீட்டை மகளிடம் நீட்டி, பென்சிலால் எட்டாவது கட்டத்தைத் தட்டினார்.

"குடை இருக்கு. எத்தனை கிராம் இருப்பா?"

தராசக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடையைக் கூர்ந்து பார்த்தாள். "நூத்தி ரெண்டு."

"கடை எத்தனை மணி வரைக்கும்?" என்றபடியே அப்பா வெளியே போகிற சட்டையைத் தேடினார்.